அப்பாவின் ஜோக்கர் வேஷம்

டிவியில் இன்னொரு மட்டமான பேய்ப்படம். இதிலும் கொலைகாரன் ஜோக்கர்தான். அந்த வெள்ளை முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

நான் சிறுவயதில் இருந்தபோது, எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் அப்பா முகத்தில் எண்ணெய் தடவி, அதன்மேல் வெள்ளைச் சாயம் பூசுவார். பிறந்தநாள் வீடுகளில் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதுதான் அவர் பிழைப்பு. இப்படிப்பட்ட படங்கள் கேபிளில் ஓட ஆரம்பித்த பிறகு, காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் அவரைக் கண்டதுமே குழந்தைகள் அலறினார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

“தப்பா நினைக்காதீங்க, மூஞ்சியக் கழுவிடுங்க” என்றார் வீட்டுக்காரர்.

அப்பா பின்பக்கக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதிகமாக அழுத சிறுமி மெல்ல அவர் அருகில் வந்தாள்.

“அங்கிள், அந்த ஜோக்கர் போயிட்டானா?”

“போயிட்டான் கண்ணு. இனிமே வரமாட்டான்.”

அப்பா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.