பிள்ளை பிடிக்கப் போன மாதம்

மே மாதம் என்றால் ஊருக்கெல்லாம் விடுமுறை. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் பிள்ளை பிடிக்கிற வேலை. நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். கையில் நோட்டீஸ், பையில் தண்ணீர் பாட்டில், தலையில் முந்தானை என்று தெருத்தெருவாகப் போய், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்போம். கதவைத் திறப்பவர்கள் முதலில் எங்களை வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். இல்லைங்க, படிப்பு கொடுக்க வந்திருக்கிறோம், அதுவும் இலவசமாக என்று விளக்கியதும் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

மயிலாப்பூர்ப் பக்கம், கால்வாயை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. நான் சொல்லப்போகிற வருடம் எங்கள் ஒன்றாம் வகுப்பு தள்ளாடிக்கொண்டிருந்தது. முந்தைய வருடம் சேர்ந்தது ஏழு பிள்ளைகள். இந்த வருடமும் பத்தைத் தாண்டாவிட்டால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள் என அதிகாரி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மிரட்டலாகச் சொல்லவில்லை, டீ குடித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

பொதுக்கல்வியைப் பற்றி என்னைப் பேசவிட்டால் போதும், நிறுத்த மாட்டேன். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அரசுப் பள்ளிகளை மூடுகிறவர்களை நார் நாராகக் கிழித்திருக்கிறேன். கைதட்டல் அடங்க நேரமாகும். அப்புறம் டீ இடைவேளையில், கைதட்டியவர்களும் நானும் வட்டமாக நின்று, யார் பிள்ளைக்கு எந்தத் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது என்று பேசிக்கொள்வோம். அதில் எங்கள் யாருக்கும் கூச்சமே இருந்ததில்லை. மைக் வேறு, டீ வேறு.

என் மகள் அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. முடித்திருந்தாள். ஏன் அங்கே சேர்த்தாய் என்று கேட்டால் இங்கிலீஷ் என்பேன், கணவரின் பிடிவாதம் என்பேன். எங்களுடையது பல தலைமுறையாக இதே மாதா கோவில் பங்கில் இருக்கிற வாத்தியார் குடும்பம். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, குழந்தையை என் பள்ளியிலேயே போட்டிருக்கிறேன் என்று சொன்னால், வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்து என்னை ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் வெளியே சொல்கிற காரணங்கள். உண்மை ரொம்பச் சின்னது. என் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுப்பதே நான்தான். என் பயமெல்லாம் அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதுதான். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடையாறுக்கு அவளைக் கொண்டுபோய்விட்டு, திரும்பக் கூட்டிவர ஒரு ஸ்கூல் ஆட்டோ இருந்தது. எட்டுப் பிள்ளைகள் உள்ளே, எட்டுப் பைகள் வெளியே. ஓட்டுகிறவர் பொறுமைசாலி. இரண்டு வருடமாகக் காலை ஏழரைக்கு எங்கள் வாசலில் நிற்பார். அந்தப் பொங்கல் சமயத்தில் ஒருநாள், தன் பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் ஒரு தலைமை ஆசிரியை. என் பள்ளி அடுத்த தெருவில் இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம்கூட யோசிக்காமல், பக்கத்தில் இருந்த ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியைச் சொல்லி அனுப்பினேன்.

மே மாதம் வந்தது. என்னோடு பிள்ளை பிடிக்க வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை. அவருக்கு எங்கள் வீட்டு விவரம் எதுவும் தெரியாது. இரண்டாம் நாள், ஒரு வீட்டில் அந்த அம்மா நேராக என்னைப் பார்த்து, "உங்க புள்ள எங்க படிக்குது?" என்று கேட்டுவிட்டார். நான், "சின்னப் பொண்ணுங்க, இந்த வருஷம்தான் ஒண்ணாங்கிளாஸ்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஆசிரியை ஆர்வம் தாங்காமல், "எங்க ஸ்கூல்லதான் சேர்க்கப் போறாங்க" என்று முடித்துவைத்தார். நான் புன்னகைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த அம்மா உள்ளே போய்ப் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வரி எங்கள் பேச்சில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. காலை உணவு, சீருடை, நோட்டு, செருப்பு என்று நோட்டீஸில் இருப்பதையெல்லாம் நான் சொல்வேன். கடைசியில் அந்த ஆசிரியை, "எங்க எச்.எம். மகளே இங்கதான்" என்பார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். பத்துப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. பத்தைத் தாண்ட இன்னும் ஒரு பெயர்தான் வேண்டும்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் எங்கள் ஆட்டோக்காரர்.

"இன்னா டீச்சர், நம்ம வூட்டாண்ட? வாங்க, வாங்க, குந்துங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இரண்டு வருடம் என் பிள்ளையை அவர் கையில் கொடுத்திருக்கிறேன், அவர் வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. டி.வி. மேல் ஒரு விண்ணப்பம் இருந்தது. நான் சொல்லியனுப்பிய அதே இங்கிலீஷ் மீடியம் பள்ளியுடையது, பாதி நிரப்பியது.

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் என் கூட வந்தவர் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். உணவு, சீருடை, நோட்டு, செருப்பு எல்லாம் வரிசையாக வந்தன. அவர் வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்த வரியும் வந்தது.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "அப்டியா டீச்சர்? பாப்பா உங்க ஸ்கூலுக்கா வருது?"

பதில் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினொன்று என்கிற எண் மட்டும்தான். "ஆமாண்ணா" என்றேன். இந்த முறை புன்னகையின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை, வாயைத் திறந்தே சொன்னேன்.

"அப்ப ஜூன்ல நம்ம வண்டில ஒரு சீட்டு காலி" என்று சிரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "இன்னாமே, டீச்சர் பாப்பாவே படிக்கிற எடத்துல நம்ம பொண்ணு படிச்சா இன்னா கொறஞ்சி பூடும்?" என்றார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆதார் அட்டையை நீட்டினார். சுவரோரம் நின்ற பெண் என்னைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை எழுதிக்கொண்டு இறங்கினோம். படியில் அந்த இளம் ஆசிரியை, "பதினொண்ணு ஆயிட்டு மேடம்!" என்று துள்ளினார்.

வழக்கமாக மே கடைசியில் நான்தான் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, பள்ளி திறக்கிற நாளையும் நேரத்தையும் சொல்வேன். அந்த வருடம் போடவில்லை. எந்த முகத்தோடு போடுவது? அவரும் போடவில்லை. வழக்கம்போல வந்துவிடுவார், வந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். சங்கத்தில் மைக் பிடிக்கிற வீராங்கனை நான்.

இரண்டு பள்ளிகளும் ஒரே நாளில் திறந்தன. காலை ஏழரை மணிக்கு என் மகள் டை, ஷூ, புதுப் பையோடு வாசலில் நின்றாள். ஏழே முக்கால் ஆயிற்று, ஆட்டோ வரவில்லை. போன் போட்டேன்.

"இன்னா டீச்சர், பாப்பாதான் இப்ப உங்க ஸ்கூலாச்சே" என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. பின்னால் ஹாரன் சத்தம். "அந்த எடத்துல வேற புள்ளைய ஏத்தியாச்சு. நான் அடையாராண்ட வந்துக்கினு கீறேன். நம்ம பொண்ண அவங்கம்மா இட்டுக்கினு வரும், பாத்துக்கங்க."

கணவர் வெளியூர் போயிருந்தார். செயலியில் ஆட்டோ தேடினால் யாரும் எடுக்கவில்லை. எட்டரைக்கு நான் பள்ளி வாசலில் நின்று புதுப் பிள்ளைகளுக்குக் கற்கண்டு கொடுத்து வரவேற்க வேண்டும், அதிகாரி வேறு வருகிறார். வேறு வழியில்லாமல் மகளை அந்த டையோடும் ஷூவோடும் கையைப் பிடித்து என் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களைப் பார்த்ததும் இளம் ஆசிரியையின் முகம் மலர்ந்தது. "மேடம் சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டாங்க, பாருங்க!" என்று வாசலில் நின்ற அத்தனை அம்மாக்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதிகாரி என் மகளின் தலையைத் தடவி, மற்ற தலைமை ஆசிரியர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்லப்போவதாகச் சொன்னார். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி கூட, பேரனின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் பையன் அடுத்த வருடம்தான் ஐந்தை எட்டுவானாம். நான் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பாராட்டு ஒரே நாளில் கிடைத்ததில்லை.

ஒன்றாம் வகுப்பில் என் மகள் ஆட்டோக்காரர் பெண்ணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. அரை மணி நேரத்தில் இரண்டும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எதற்கோ சிரித்தன. மதியம் என் மகள் சத்துணவு முட்டைக்கு இரண்டாவது தடவை கை நீட்டினாள். வீட்டில் அவள் முட்டை சாப்பிட மாட்டாள்.

மாலையில் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது ஆட்டோக்காரர் வந்தார். வாசலில் மற்ற அம்மாக்களும் இருந்தார்கள், இளம் ஆசிரியையும் இருந்தார். வகுப்பு ஜன்னல் வழியாக என் மகளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. பாப்பா வராதுன்னா நீங்களே போன் பண்ணி நிறுத்திருப்பீங்க. பண்ணல. அப்பவே எனக்கு டவுட்டு. சும்மா புள்ள சேக்கறதுக்குச் சொல்லிக்கீறாங்கன்னு நெனச்சிட்டேன். அதான் காலைல வேணும்னே வரல. நீங்க போன் போட்டதும் வண்டி கேக்கத்தான்னு நெனச்சேன். பொய்யா இருந்தா நம்ம பொண்ண சாயங்காலமே இட்டுக்கினு பூட்லாம்னு இருந்தேன். இப்ப பாத்தா பாப்பா மெய்யாலுமே குந்திக்கினு கீது." அவர் கண் கலங்கியிருந்தது. "வேற புள்ளைய ஏத்திட்டேன்னு சொன்னதும் பொய்யி. சீட்டு காலியாத்தான் ஓடிச்சு. அடையார்ல ஒரு அம்மா கேட்டுக்கினே கீறாங்க. நாளையிலேர்ந்து அவங்களுக்குக் குடுத்துரவா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். சேர்த்த பதினொரு பிள்ளைகளும் இருப்பார்கள், பள்ளி இருக்கும், சங்க மேடையில் நான் பேசியதெல்லாம் உண்மையாகிவிடும். பகல் முழுக்க என் மகள் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"குடுத்துராதீங்கண்ணா" என்றேன். "நாளைக்கு ஏழரைக்கு வந்துருங்க."

அவர் கும்பிட்ட கை மெதுவாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் நின்ற இளம் ஆசிரியை கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பிரித்து, அதில் எதையோ தேடுவது போலப் பார்க்க ஆரம்பித்தார். "சரி டீச்சர்" என்றார் ஆட்டோக்காரர். தன் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இனி அந்தப் பெண் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஏழரைக்கு ஆட்டோ வந்தது. முன்னால், அவர் பக்கத்தில் அவர் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை இறக்கி என் பக்கத்தில் நிறுத்தினார். என் மகளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்.

"இங்கதான் படிப்பேன், பாப்பா பக்கத்துலதான் குந்துவேன்னு ஒரே அடம்" என்றார் என்னைப் பார்க்காமல். "நான் அவகிட்ட எதுவும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளி வரைக்கும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாப்பா ஆட்டோவில் சுற்றிக்கொண்டு நம் பள்ளிக்குத்தான் வருகிறாள் என்று நினைத்திருக்கிறாள். வகுப்புக்குள் போனதும் பெஞ்சில் தன் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்தாள். முதல் மணி அடித்ததும், "பாப்பா எப்ப வரும் டீச்சர்?" என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் பையை வைத்தாள், மறுநாளும் கேட்டாள். அன்றைக்கும் நாளைக்கு என்றேன்.

மூன்றாம் நாள் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேறொரு பெண்ணை உட்காரவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.