கப்பி விளக்கும் வரிக்குதிரை அலமாரியும்

அப்பா நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தார்.

சித்திரை மாதத்து மத்தியானம். பாளையம்பட்டி நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் நுழைந்தார். வழக்கமான இடத்தில் நாற்காலி இருக்கும் என்று நம்பிச் சாய்ந்தார். வீடு துடைக்கும் அக்கா அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார். அப்பா தரையில் விழுந்தார்.

அடி பலமில்லை. எழுந்து உட்கார்ந்ததும் டைல்ஸ் வழுக்குகிறது என்றார். தரை காய்ந்து கிடந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். டம்ளரை வாங்க வந்த கை முதலில் காற்றைப் பிடித்தது, பிறகுதான் டம்ளருக்கு வந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். வெயிலில் நடந்து வந்தால் யாருக்கும் கண் இருட்டத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்பா அருப்புக்கோட்டை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அம்மா இறந்த பிறகு கடையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். நான் பெங்களூரில் வீடுகளுக்கு விளக்கும் மரச்சாமானும் வடிவமைக்கிற ஒரு அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும், ஊருக்குத் திரும்பியதும், இந்தச் சின்ன வீட்டைக் கட்டியதும் என் விருப்பத்தில் நடந்தவை. இங்கே இருந்தே கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புகிறேன். வேலைக்குக் குறைவில்லை.

அவரை மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் சொட்டுமருந்து விட வேண்டும். நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழக நேரமாகும். ஒரே நிறத்துப் பொருட்கள் ஒன்றோடொன்று கலந்து போகும். கூசுகிற வெளிச்சம் உதவாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ மனசுக்குள் வேலை ஓடத் தொடங்கிவிட்டது. துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் டாக்டரம்மா சொன்ன அத்தனையும் நான் தினமும் கையாளுகிற விஷயம். வெளிச்சம், நிழல், நிறம், விளிம்பு. கண்ணை என்னால் சரி செய்ய முடியாது, வீட்டைச் சரி செய்ய முடியும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஹால் நடுவில் நின்று புதிதாகப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்து வீடுகளைப் போலத்தான் என் வீடும். வெளியே கரிசல் காடு வெயிலில் பளபளக்கும். அனல் வராமல் ஜன்னலைச் சாத்திவைத்து உள்ளே இருட்டாக்கி வைத்திருப்போம். தரை பழுப்பு டைல்ஸ். அதன் மேல் பழுப்புத் தேக்கு சோபா, பழுப்பு மேசை, பழுப்பு நாற்காலி, எல்லாம் அம்மா வீட்டுச் சீராக வந்தவை. சுவரில் உயரத்தில் டியூப்லைட், போட்டால் நேராகக் கண்ணில் அடிக்கும், மேசைக்கு அடியில் இருட்டாகவே இருக்கும். அப்பா இந்தப் பழுப்புக்குள் தடவித் தடவி நடந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் பெங்களூர்க்காரர்களுக்கு விளக்கு வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் டியூப்லைட்டுகளைக் கழற்றினேன். பல்பு கண்ணுக்குத் தெரியாமல், சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி மஞ்சள் வெளிச்சம் வைத்தேன். வாசலில் இருந்து உள்ளே வரும் வழியில் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போனேன், கண் பழகிக்கொள்ளட்டும் என்று. அப்பாவின் மேசைக்கு மட்டும் எனக்குத் திருப்தியான விளக்கு கிடைக்கவில்லை. கடைகளில் இருந்தவை எல்லாம் ஒன்று கூசின, அல்லது எட்டவில்லை.

அது கிடைத்தது திருச்சுழியில். வியாபாரக் குடும்பம் ஒன்று பழைய வீட்டின் ஒரு பகுதியை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கதவு, நிலை எல்லாம் ஏற்கெனவே லோடு ஏறிப் போயிருந்தன. மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு தொங்குவிளக்கு கிடந்தது. வெளியே பச்சை, உள்ளே பால் வெள்ளை எனாமல் பூசிய அகலமான மூடி. அதோடு ஒரு கப்பி, ஈயக்குண்டுகள் நிரப்பிய பீங்கான் எடை. எடை ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். கையால் இழுத்தால் மேசை வரைக்கும் இறங்கும், தள்ளினால் மேலே போகும், விட்ட இடத்தில் நிற்கும். வீட்டுக்காரர், அது எரியாது, சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க என்றார். நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் கிணற்றுக்கா என்று கேட்டார்.

புது ஒயர் இழுத்து மாட்டியதும் அது சொன்ன பேச்சுக் கேட்டது. அப்பாவும் அதைக் குறை சொல்லவில்லை. பழைய சாமான் என்பதால் அவருக்குச் சம்மதம்.

சண்டை வந்தது மரச்சாமானில்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் சில வடிவமைப்பாளர்கள் அடக்கமான, அழகான, பழுப்பு மரச்சாமான்களைப் பார்த்துச் சலித்துப்போய், அலமாரிக்குக் கோடு போட்டார்கள், மேசைக்குப் பந்து போலக் கால் வைத்தார்கள், ஒரே நாற்காலிக்கு நாலு நிறம் கொடுத்தார்கள். பணக்கார மரத்தை விட்டுவிட்டு, டீக்கடை மேசையில் ஒட்டுகிற மைக்கா ஷீட்டை எடுத்துக்கொண்டார்கள். பெங்களூரில் அந்தப் படங்களைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு அவற்றின் மேல் ஆசை. என் வாடிக்கையாளர்கள் யாரும் துணிந்ததில்லை. இப்போது யோசித்தால், பார்வை சுருங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் வேறு இல்லை. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு பொருளும் தானே சொல்லும்.

எம்.ரெட்டியபட்டியில் கல்யாணக் கட்டில் செய்கிற ஆசாரி ஒருவர் எனக்குப் பழக்கம். வரைபடத்தைக் கொடுத்தபோது அவர் அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு, நீங்க சொன்னா செஞ்சுதாரேன், ஆனா நான் செஞ்சேன்னு யாருட்டயும் சொல்லிறாதீக என்றார். சொன்னபடி அருமையாகச் செய்தார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு மஞ்சள் விளிம்பு வைத்த அலமாரி. தடித்த சிவப்பு உருளைக் கால்கள் கொண்ட வெள்ளை மேசை. கைப்பிடிகள் மட்டும் ஆரஞ்சு நிறமான நீல நாற்காலி. எல்லா மூலையும் வளைவு, இடித்தாலும் காயம் படாது.

சாமான் வந்து இறங்கிய அன்று அண்ணன் வந்திருந்தான். பாளையம்பட்டியிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். அலமாரியைச் சுற்றி வந்துவிட்டு, வரிக்குதிரைய வீட்டுக்குள்ள கட்டிப்போட்டிருக்க, பொங்கலுக்கு இதுக்கும் மாலை போடணுமா என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. அவர் நடுவில் நின்று, தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நான் குருடன்னு ஊருக்கே போர்டு எழுதி மாட்டிட்ட தாயி," என்றார்.

பையில் இரண்டு வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அண்ணனோடு கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. அண்ணன் வீட்டில் மதினி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டில் அவர் அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்று அண்ணன் போனில் சொன்னான். சாப்பாட்டையும் அறைக்கே கேட்கிறாராம். படியில் இறங்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாராம். நீ பேசாம அந்தப் பழைய சாமானையே எடுத்துப் போட்டுரு, அவுக வந்துருவாக என்றான்.

எடுத்துப் போட மாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் நேராகப் போய் அப்பா கட்டிலில் உட்கார்ந்தேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்திருந்தேன். அவருடைய கண்ணைப் பற்றிப் பேசக்கூடாது, அதுதான் அவருக்கு ரணம். என்னைப் பற்றிப் பேசலாம். அது பொய்யும் இல்லை.

"அப்பா, அது உங்களுக்காக மட்டும் செஞ்சதில்ல. இந்த மாதிரிச் சாமான என் வீட்டுல போடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆச. நான் கட்டுன வீடு, எனக்குப் பிடிச்சதப் போட்டிருக்கேன். அது உங்களுக்கும் ஒத்தாசையா இருந்தா எனக்கு ரெட்ட லாபம்."

அவர் போர்வையை மடித்து வைத்தார்.

"யாராச்சும் கேட்டா எம் மக கிறுக்குன்னு சொல்லிக்கோங்க. எனக்கு வருத்தமில்ல."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, அதத்தான் ஊருல ஏற்கெனவே சொல்றாக என்றார். சாயங்காலம் வாரேன், உம் மதினி கேழ்வரகு ஆட்டிவச்சிருக்கா, தோசை தின்னுட்டு வாரேன் என்றார். சொன்னபடி வந்தார்.

வந்தவர் முதல் சில நாட்கள் விருந்தாளி போல விறைப்பாக இருந்தார். ஆனால் கால்கள் அவரைக் காட்டிக்கொடுத்தன. எதையும் தடவாமல் ஹாலைக் கடந்தார். சிவப்புக் கால்களைப் பார்த்து மேசையைச் சுற்றிப் போனார். டம்ளரை அலமாரியின் மஞ்சள் விளிம்புக்கு உள்ளே வைத்தார். நான் கவனிப்பதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மாதம் எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. வந்தவர்கள் உட்காரத் தயங்கினார்கள். பிள்ளைகள்தான் முதலில் நீல நாற்காலிக்குப் போட்டி போட்டன. யாரோ அப்பாவிடம் இதென்ன அண்ணாச்சி இப்படி என்று கேட்டார்கள். அப்பா தயாராக இருந்தார். எம் மக கிறுக்கு, அவ படிச்ச படிப்பு அப்படி, பெங்களூர்ல இதுக்குத்தான் இவளத் தேடி வாராக என்று சொல்லி, அலமாரிக் கதவைத் திறந்து காட்டி, விளக்கை இழுத்து இறக்கியும் ஏற்றியும் காட்டினார். கடையில் சேலையை விரித்துப் போட்டுக் காட்டுகிற அதே கை.

அதற்குப் பிந்திய ஒரு சாயங்காலம். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா வேதம் வாசிப்பது வழக்கம். ரொம்ப நாளாகவே அவர் சில சங்கீதங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். புத்தகம் விரிந்திருக்கும், பக்கம் திரும்பாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு நான் அடுப்படியில் இருந்தேன். கப்பி உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் குரல். யார் யாரைப் பெற்றார்கள் என்று பெயர்கள் மட்டுமே நீண்டுகொண்டு போகிற அதிகாரம். உலகத்தில் யாருமே அதை மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள். ஒரு பெயரில் தடுக்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டி, மறுபடி முதலில் இருந்து சொல்லி, தாண்டிப் போனார்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். அடுப்படி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தேன். விளக்கை முகத்துக்குக் கீழே, புத்தகத்துக்கு அருகில் இறக்கி வைத்திருந்தார். வெளிச்சம் தாளில் மட்டும் விழுந்தது, கண்ணில் விழவில்லை. அந்த அதிகாரத்தை அவர் முழுசாக முடித்தார். இவ்வளவு பேர எதுக்கு எழுதி வச்சாகளோ என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போனதை இருவருமே பேசவில்லை.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. சொட்டுமருந்து நிற்கவில்லை. கடைசியாக மதுரைக்குப் போனபோது, பார்வை மேலும் சுருங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணன் கடைப் படிகளுக்கு மஞ்சள் விளிம்பு ஒட்டித் தரச் சொன்னான், தன் யோசனை போல. கேலி செய்தவர்கள் வீட்டிலும் வயசானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனியாக வந்து, கொஞ்சம் கலர் குறைச்சுச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். குறைத்தால் பயன் குறையும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். ஆசாரியும் இப்போது நான்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறார்.

போன மாதம் அப்பா வாசலில் போட ஒரு ஸ்டூல் வேண்டும் என்றார். அதற்கு ஷீட் நிறம் தானே பார்ப்பதாகவும் சொன்னார். இருவரும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துப்போட்ட மாதிரிகளை அப்பா ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் சாய்த்து, மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். நான் ஒரு கரும்பச்சையைக் காட்டினேன். அது தரையில் கரைந்துபோகும் என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் ஒரு கத்தரிப்பூ நிறத்தை எடுத்தார், அதற்கு ரோஸ் நிறத்தில் கால். நான் என் தொழில் தெரிந்தவளாகச் சொன்னேன், அப்பா, இது ரெண்டும் சேராது. அவர் கடைக்காரரிடம் திரும்பி, இதையே வெட்டிக் குடுங்க என்றார்.

ஸ்டூல் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் அதில் உட்கார்ந்துதான் செருப்புப் போடுகிறார், பிறகு பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்.