முப்பத்தேழு அத்தியாயம், ஒரே தலைப்பு

வீரபாகு அண்ணாச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். தென்காசியில் எங்கள் நூற்பாலையில் பஞ்சு குடோன் எழுத்தராக இருந்தவர். பஞ்சுத் தூசி மூச்சிழுப்பில் கொண்டுபோய் விட்டதால், மதுரையில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்து வந்தார். ஆள் வருகை, ஷிஃப்ட், பஞ்சு இருப்பு என்று முப்பத்தேழு புரோகிராம்களைத் தனியாளாக எழுதினார். ஏசி அறையில் இழுப்பும் அடங்கியது. நான் சண்முகசுந்தரி, அதே அறையில் டைப்பிஸ்ட்.

எண்பத்தெட்டு சீசனில், ஆய்வு என்ற பெயரில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த தலைமை அலுவலக அதிகாரி ஒருவர், தலை துவட்டிய கையோடு ஒரு பிளாப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். புரோகிராம் எழுதுகிறவர் உள்ளே நட்சத்திரக் குறி போட்டு, மனுஷர் படிக்க எழுதிவைக்கும் குறிப்புகளைப் பொறுக்கி, அந்தப் பிளாப்பியே விளக்கப் புத்தகம் அடித்துத் தருமாம். திங்கட்கிழமைக்குள் புத்தகம் வராவிட்டால் அறையை மூடிவிட்டு, அண்ணாச்சியைப் பழையபடி குடோனுக்கே அனுப்பிவிடுவார்களாம்.

ஓட்டினோம். பிரிண்டர் ஒரு மணி நேரம் கத்தியது. முப்பத்தேழு அத்தியாயத்துக்கும் ஒரே தலைப்பு: பண்பொழி முருகன் துணை. முதல் குறிப்பைத் தலைப்பாக எடுப்பது அதன் வழக்கம். துண்டுச் சீட்டு எழுதினாலும் உச்சியில் சாமி பேர் போடும் மனுஷர் புரோகிராமை விடுவாரா? அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். சாமி பேரை அழிக்கக் கை வராது என்றுவிட்டார்.

சரி தொலையட்டும் என்று பிளாப்பியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, இரண்டாம் வரியைத் தலைப்பாக எடுக்கும்படி மாற்றினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இன்ன தேதி, ராகுகாலம் கழித்துத் தொடங்கியது என்று எல்லா அத்தியாயத்துக்கும் தலைப்பு. மூன்றாம் வரிக்கு மாற்றினேன். எழுதியது வீரபாகு, எழுதியது வீரபாகு என்று முப்பத்தேழு தடவை. நான்காம் வரிக்கு மாற்றினால் வெறும் தாள். அதற்குமேல் குறிப்பே கிடையாது. சாமிக்குச் சொன்னவர், நேரம் பார்த்தவர், புரோகிராம் என்ன செய்யும் என்று மட்டும் ஓர் எழுத்து எழுதவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

"ஏன் அண்ணாச்சி ஒண்ணுமே எழுதல?"

திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எழுதி வச்சுட்டா அப்புறம் என்னைய எதுக்கும்மா வச்சிருப்பானுவ?"

கோட்டித்தனமாகப் பேசாதீர்கள், புத்தகம் போனால்தான் அறை இருக்கும், அறை இருந்தால்தான் நீங்கள் இருப்பீர்கள் என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். எந்த இடத்தில் கணக்கு தவறும், தவறினால் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்பதுவரை ஒன்றையும் அவர் ஒளிக்கவில்லை. புத்தகம் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. புத்தகம் பிரமாதமாம். இவ்வளவு தெளிவாக இருப்பதால் இனி டைப்பிஸ்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாமாம். வீரபாகு குடோனுக்குத் திரும்ப வேண்டுமாம்.

இந்த வேலை வேண்டாமென்று எழுதிப் போடுகிறேன் என்றேன். போடவில்லை. வீட்டுக்கு என் சம்பளம் வேண்டியிருந்தது. அண்ணாச்சி கோபப்படவே இல்லை. எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"எங்கனயாவது சந்தேகம் வந்துச்சுன்னா குடோனுக்கு ஆளனுப்பும்மா. வாரேன்."

நான் ஒரு தடவைகூட ஆள் அனுப்பவில்லை. புத்தகத்தில் எல்லாம் இருந்தது.