விஸ்வநாதனின் பல்புப் பெட்டி

மும்பை செம்பூரில் நம் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் இன்று தாமதமாக வரும் என்ற அறிவிப்புக்குக் கீழே அந்தச் செய்தி வந்தது: இரண்டாம் மாடி விஸ்வநாதன் காலமானார். உடனே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவரை முதுகுக்குப் பின்னால் ‘பல்பு மாமா’ என்று கேலி செய்தவர்களின் கைகள்தாம் முதலில் வந்தன.

எனக்கும் அவரைப் பிடிக்காது. அதை மறைத்து இந்தக் குழுவில் உங்களுக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அதையும் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

ஒருநாள் எங்கள் கூடத்தில் பழைய சிஎஃப்எல் பல்பு விழுந்து உடைந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தவர் நேரே உள்ளே வந்துவிட்டார்.

“துடைப்பத்தைப் போடும் ஓய்! ஃபேனை நிறுத்தும். அதுக்குள்ளே பாதரசம் இருக்கு. எல்லாரும் வெளியே போங்கோ!”

“என்னவே, எம் வீட்டுலேயே என்னைய வெளிய போகச் சொல்லுதீரு?” என்றேன்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எங்களைச் சிறிது நேரம் வராந்தாவில் நிறுத்திவைத்தார். பிறகு அலமாரியிலிருந்த என் மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதனால் சில்லுகளை வழித்தார். ஈரத் தாளால் தரையை ஒற்றினார். எல்லாவற்றையும் என் மனைவி கழுவி வைத்திருந்த ஊறுகாய் ஜாடியில் போட்டு இறுக மூடினார்.

“ஜாடி திரும்பக் கெடைக்குமா?” என்று அவள் கேட்டாள்.

“ஊறுகாய் போடறதா இருந்தா கெடைக்காது.”

அந்தப் பத்திரிகைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு தீபாவளிச் சுத்தத்தின்போது உங்களில் யாரோ உடைந்த ட்யூப்லைட்டை ஈரக் குப்பையோடு கறுப்புப் பையில் போட்டீர்கள். குப்பை எடுக்கும் சுமன் தாயியின் உள்ளங்கை கிழிந்தது. விஸ்வநாதன் மாடிப்படியில் நின்று கத்தினார்: “அவ கையை என்ன, கரண்டின்னு நெனச்சேளா?”

அதன் பிறகுதான் மீட்டர் அறையில் நீளமான அட்டைப்பெட்டி வைத்தார். ஃபியூஸ் போன பல்பையும் ட்யூபையும் உடைக்காமல் செய்தித்தாளில் சுற்றி அதில் வைக்க வேண்டும். நிறைந்ததும் மின் கழிவு வாங்குபவர்களிடம் அவரே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பார். மீட்டர் அறையின் அழகு கெடுகிறது என்றீர்கள்.

நேற்றைய இரங்கல் கூட்டத்தில் புதிய செயலாளர் சொன்னார்: “பெட்டி இருக்கிற இடத்துல மாமாவோட போட்டோ வச்சிடலாம். டீசன்ட்டா இருக்கும்.”

“பெட்டி?” என்றேன்.

“கச்சராவுல, குப்பையோட குப்பையா போட்டுடலாம் அங்கிள். சுமன் எடுத்துக்குவா.”

அதற்கும் தலையாட்டினீர்கள்.

படத்துக்கு நீங்கள் மாலை போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை நான் என் வாசலுக்குத் தூக்கிவந்துவிட்டேன். விஸ்வநாதனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும் அவருடைய பொல்லாத வாயும்தான். பழைய பல்பைக் கொண்டுவருகிறவர்கள் என் வீட்டு மணியை அடிக்கலாம். குப்பையில் போடுகிறவர்களின் வீட்டு மணியை நான் அடிப்பேன்.