செம்புக் குழாயும் ஒற்றை நத்தையும்

என் வீட்டுக்காரர் நத்தைகளுக்கு மாப்பிள்ளை உபசாரம் செய்கிறவர். இளங்கீரையாகப் பார்த்து வாங்கி, காம்பு கிள்ளி, வெந்நீரில் போட்டெடுத்து ஆறவைப்பார். எல்லாம் தொட்டியில் இருக்கும் மகராசிகளுக்கு. எனக்கு முற்றின கீரை.

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், ஒரு கார் கொட்டகையில் தொடங்கியது அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சி மையம். வாய்க்காலில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், சிறுநீரில் ரத்தம் வரவைக்கும் ஒரு புழு. அது வளர்வது நத்தையின் உடம்பில். பெரிய மருத்துவமனைகள் கண்டுகொள்ளவில்லை. ஏழை சொல்லே அம்பலம் ஏறாது, ஏழையின் நோய் ஏறிவிடுமா? பேராசிரியர் ஒருவர்தான் விடாப்பிடியாக நின்றார். அவர் வாய்க்காலில் இறங்கிப் பிடித்த நத்தைகளின் வம்சத்தில்தான் புழுவை வளர்த்து, இன்றுவரை புது மருந்துகளைச் சோதிக்கிறார்கள். அந்த வம்சத்துக்குக் காவல் என் வீட்டுக்காரர்.

மையத்தில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புழு அண்டாத இரண்டு நத்தைகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இவர் கையால் கொடுப்பார். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்; வீட்டுக்குப் போனதும் சாக்கடையில் கவிழ்ப்பார்கள். இது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

புதுக் கட்டடம் எழும்பியபோது டைரக்டர் அம்மா, "உங்க ரூமுக்கு என்ன குழாய் வேணும், நீங்களே சொல்லுங்க" என்றார். ஒட்டுப்போட்ட ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டி அலுத்த மனுஷன், பளபளவென்று செம்புக் குழாயைத் தேர்ந்தெடுத்தார். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டார். இவர் என்னைக்கூட அழைத்துப்போய்த் திறந்து திறந்து காட்டினார்.

அந்த வாரமே நத்தைகள் ஓட்டுக்குள் சுருங்கி அடியில் விழத் தொடங்கின. எல்லாம் செத்தபின் தண்ணீரைச் சோதித்தால், செம்பு. அந்த மையம் செய்த முதல் வேலையே வாய்க்காலில் மயில்துத்தம் கரைத்து நத்தைகளைக் கொன்றதுதான். துத்தம் என்பதே செம்பு உப்பு. அன்று மூட்டை சுமந்தவர் என் வீட்டுக்காரர், அதை எழுதிப் பட்டம் வாங்கியவர் டைரக்டர் அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து தங்கள் கண்ணைத் தாங்களே குத்திக்கொண்டார்கள்.

"பேராசிரியர் குடுத்துட்டுப் போனதை நான் அழிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு இவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

"எத்தனை பேருக்கு ஜாடி குடுத்தீங்க? எழுந்திருங்க, போய்க் கேப்போம்."

யாராவது ஒரு சோம்பேறி கொட்டாமல் விட்டிருக்க மாட்டாரா என்பதுதான் என் நம்பிக்கை. டிரைவர் தலையைச் சொறிந்தார். கணக்கர் வீட்டு ஜாடியில் பொத்தானும் ஊசியும் இருந்தன. இவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மிச்சம் பேராசிரியர் வீடு. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அவர் மனைவியோ, "நத்தைதான் எனக்குச் சக்களத்தி" என்று சபையிலேயே சொன்னவர். வாசலில் நின்று இவர் மென்று முழுங்க, விஷயத்தை நான்தான் போட்டு உடைத்தேன். அந்த அம்மா எங்களைச் சமையலறைக்கு அழைத்துப்போனார். ஜன்னலோரம் ஜாடி நிறைய நத்தைகள்.

"அவர் போனதும் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். அப்புறம் நான் பேசறதைக் கேக்க வேற யார் இருக்கா?"

இவர் ஜாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாவே கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பாத்திரத்தில் விட்டார். கடைசி நத்தையிடம் கை நின்றது.

"இதை மட்டும் வெச்சுக்கட்டுமா? தனியா இருந்தா செத்துடுமோ?"

"இல்லம்மா. இதுக்குத் துணையே வேண்டாம். ஒண்டியாவே முட்டை போட்டுக் குடும்பம் பண்ணிடும்."

"கெட்டிக்காரி" என்றார். "எனக்குத்தான் அது வரலை."

இப்போது மையத்தில் பிளாஸ்டிக் குழாய், தொட்டி நிறையக் குஞ்சுகள். வாரம் தவறாமல் அந்த அம்மா வீட்டுக்கு இளங்கீரை கொண்டுபோகிறவள் நான். நத்தைக்கு ஓர் இலை போக, மீதியை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே சமைத்துச் சாப்பிடுகிறோம்.