காரணம் எழுதும் கட்டம்

பின்பக்கத் திடலில் முதல் லோரி மண் கொட்டிய அன்றே அம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் அந்தத் திடல் பள்ளமாக இருக்கும். பெருமழையில் தண்ணீர் முதலில் அங்கேதான் தேங்கும். மிஞ்சியதுதான் எங்கள் சமையலறைக்கு வரும். போன வெள்ளத்தில் அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் போய், புதிது மாட்ட வேண்டியதாயிற்று. திடலும் மேடாகிவிட்டால் இங்கே இருக்க முடியாது, சாலாக் செலாத்தானில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கே போய்விடலாம் என்றார். அங்கே மெஷின் போட இடமில்லை. தையலையே விட்டுவிடப் போகிறார் என்று அர்த்தம்.

நான் சட்டம் படித்துவிட்டு பிரிக்பீல்ட்சில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தேன். விஷயம் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயத்தை விட உற்சாகம்தான் வந்தது. கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் மாநிலத்தில்தான் அரசுக் கோப்பைக் கேட்டுப் பார்க்கத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே! பிரிக்பீல்ட்ஸ் எந்த மாநிலத்திலும் சேராத கூட்டரசுப் பிரதேசம். அலுவலக வாசலில் ஓடும் சாக்கடையைப் பற்றிக் கேட்கக்கூட அப்போது அப்படியொரு சட்டம் அங்கே கிடையாது. ரயிலேறி கிள்ளானில் இறங்கினால் உண்டு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பொறுப்பு என்கிறது அரசமைப்புச் சட்டம்; அதனால்தான் மாநிலத்தால் தன் கோப்புகளைத் தானே திறந்துவிட முடிந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாநில அதிகாரப் பட்டியல் எங்கள் பின்வாசலில் வந்து நிற்கிறது! இருப்புக் கொள்ளவில்லை எனக்கு.

திடலில் மண் கொட்ட என்ன அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்க நகராண்மைக் கழகத்தில் வாங்கிய விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. தகவல் எதற்குத் தேவை, காரணம் எழுதுக. எனக்குச் சுருக்கென்றது. குடிமகள் எதற்குக் காரணம் சொல்ல வேண்டும்? மறைப்பவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்? பேச்சுரிமைக்குள் அறியும் உரிமையும் அடக்கம், தெரியாததைப் பற்றி எவரால் பேச முடியும் என்று ஆரம்பித்து இரண்டு தாள் எழுதி இணைத்துவிட்டேன்.

விண்ணப்பம் வாங்கும் முகப்பிலிருந்த ஊழியர் அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, தங்கச்சி. ஆனா உனக்கு எதுக்கு வேணும்னு எங்கயுமே காணோமே லா."

காரணம் கேட்பதே தப்பு என்று நான் வாதாட, அது இல்லாமல் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும் என்று அவர் சொல்ல, நாய் லைசென்ஸ் புதுப்பிக்க வந்து எனக்குப் பின்னால் நின்ற அங்கிள், கேஸ் முடிவதற்குள் தன் நாய்க்கு வயதாகிவிடும் என்றார். பாரத்தோடு வீடு திரும்பினேன்.

கழுத்தில் அளவு டேப்போடு அம்மா என் இரண்டு தாளையும் கேட்டார். படித்துக் காட்டினேன்.

"கேக்க உரிமை இருக்குங்கிற. சரி. கேட்டியாடி?"

புதுப் பாரத்தில் தன் பெயரை எழுதினார். அந்தக் கட்டத்தில் மலாயில் இரண்டே வரி: மழை பெய்தால் தண்ணீர் என் வீட்டுக்குள் வருகிறது. திடலில் எதற்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று தெரிந்தால்தான் நான் இருப்பதா, போவதா என்று முடிவு செய்ய முடியும்.

காரணம் கேட்கக்கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கையில் இருந்த காரணத்தைச் சொல்லாமல் விட்டது என் தலைக்கனம்.

பதில் வரும்வரை பெட்டிகள் பாதி கட்டியபடியே கிடந்தன. ஒவ்வொரு மழைக்கும் அம்மா பின்கதவைத் திறந்து பார்த்தார். ஒரு மாதத்துக்குள் அழைப்பு வந்தது. அனுமதி நிபந்தனைகளின் நகலை அந்த முகப்பிலேயே நின்று படித்தேன். மழைநீர் தேங்க முதலில் ஒரு குளம் வெட்ட வேண்டும். அதைச் சோதித்த பிறகே மண் நிரப்பலாம்.

மறுநாள் காலை அம்மா நகலோடு நேராகத் திடலுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். மேற்பார்வையாளரிடம் தாளை நீட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாஸ், குளம் எங்க?"

அவர் தாளைப் படம் எடுத்து யார் யாருக்கோ போன் செய்தார். நாங்களும் அதே நகலை இணைத்துப் புகார் கொடுத்தோம். அந்த வாரமே அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். லோரிகள் நின்றன. குளம் வெட்ட இயந்திரம் வந்தது.

அம்மா மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தபடியே, இன்னொரு பாரம் இருக்கிறதா என்றார்.

"எதுக்கும்மா?"

"குளத்தச் சோதிச்சதும் என்ன எழுதுறாங்கனு பாக்க வேணாமா? காரணத்த நானே எழுதிக்கிறேன்."