எண்ணின் மேல் இரண்டு கோடு

பில்லியர்ட்ஸ் பந்தை அடிக்கும் பழைய கோலை, அதாவது ஒரு கியூவை, கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. திமிர் என்று இப்போதுதான் எழுதுகிறேன். போன வருடம் வரை அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுப் பின்புறம், கார் நிறுத்த வேண்டிய இடத்தில் என் பட்டறை இருக்கிறது. முன்பு பவுண்டரிகளுக்கு, இரும்பு வார்க்கும் அச்சுக்கான பேட்டர்ன்களை மரத்தில் செய்து கொடுத்தேன். ஒரு நண்பருடைய கியூவில் பூண் கழன்றுபோக, அதைச் சரிசெய்து கொடுத்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். கியூவின் மேல்பாதி வெளிர் மரம், பிடிக்கிற அடிப்பாதி கருங்காலி. கருங்காலி நான்கு கூர்முனைகளாக வெளிர் மரத்துக்குள் ஏறியிருக்கும். நான்கும் ஒரே உயரத்தில் நின்றால் இயந்திரம் வெட்டியது. ஒன்று கொஞ்சம் ஏறி, ஒன்று கொஞ்சம் இறங்கி இருந்தால் கைவேலை, பழசு. இந்த வித்தையை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சமல்ல.

போன வருடம் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய வேட்டியில் சுற்றிய கியூவோடு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கோவையில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தவர். உறுப்பினர்கள் ஆடும்போது மேசையோரம் நின்று புள்ளிகளைச் சொல்லி, பந்துகளை எடுத்து வைக்கும் வேலை அது. பண்ணையாள் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதை வாத்தியாரே சொன்னார். நான் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளக் காத்திருந்தேன் என்பது உண்மை.

கிளப்பை விட்டு வரும்போது செயலாளரே தன் கையால் இந்தக் கியூவைக் கொடுத்தார் என்பது அப்பாவின் பேச்சு. ஊரில் அதை யாரும் நம்பவில்லை. திருடன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது தொண்ணூறை நெருங்குகிறது, கண் பார்வை போய்விட்டது. கல்லூரியில் ஸ்னூக்கர் ஆடும் பேத்திக்கு அதைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். திருட்டுப் பொருளாக இருந்தால் மகளிடம் கொடுக்க மாட்டேன் என்று வாத்தியார் பிடிவாதமாக இருந்தார்.

“கட்டையிலயே அத்தாட்சி இருக்குதுன்னு அப்பா சொல்றாருங்க. என்னன்னு கேட்டா, கியூவத் தெரிஞ்சவங்க பார்த்தாத் தெரியும்ங்கறாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. நெசமான்னு நீங்கதானுங்க பார்த்துச் சொல்லோணும்” என்றார்.

நான்கு கூர்முனைகளும் நான்கு உயரத்தில் இருந்தன. அருமையான கைவேலை. அடிப்பக்கத்து வட்ட முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். கிளப்பின் எண் குத்தியிருந்தது. சுவர்ச் சட்டத்தில் எந்த இடத்துக் கியூ என்று தெரிவதற்காகக் குத்துவது. அந்த எண்ணின் குறுக்கே உளியால் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திருடியவன் எண்ணை அழிக்கப் பார்த்திருக்கிறான், உளி சரியாக ஓடவில்லை.

“இவ்வளவு உசத்தியான கியூவ ஒரு மார்க்கருக்கு யாருங்க தூக்கிக் குடுப்பாங்க?” என்றேன்.

சொன்னது இவ்வளவுதான். வாத்தியார் தலையை ஆட்டினார். முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன், பார்த்தும் என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பாவம் என்று இரக்கம் வேறு வந்தது. கியூவைப் புதுப்பிக்கும்போது, அவருக்குப் பின்னால் தொல்லை வரக்கூடாது என்று, அந்த வட்ட முகத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். எண்ணும் போயிற்று, கோடும் போயிற்று. திருப்பிக் கொடுக்கும்போது, இனி யாரும் எதுவும் கேட்க முடியாது என்று காதோடு சொன்னேன். உபகாரம் செய்கிறவனின் குரலில் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்து ஒரு பழைய கிளப்பின் முன்னாள் செயலாளர், நுனியில் ஒட்டும் தோல் டிப்பை மாற்றுவதற்குத் தன் கியூவைக் கொண்டுவந்தார். அடியில் எண், எண்ணின் குறுக்கே இரண்டு கோடு. சுட்டதா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துக் கிளப்புல எல்லாம், கிளப் கியூவ ஒருத்தருக்குச் சொந்தமாக் குடுத்தா, செக்ரட்டரி தன் கையால நம்பர் மேல ரெண்டு கோடு போட்டுக் குடுக்கோணுங்க. கோடு இருந்தாத்தான் வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடுவான்” என்றார்.

அவர் போனபின் பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே என் மாமாவின் கியூ மாட்டியிருக்கிறது. அதே மாதிரி ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தவர். கிளப்பிலிருந்து மாமா “தள்ளிக்கொண்டு வந்தது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். காடும் தோட்டமும் உள்ள வீட்டு மனிதர், அவர் எடுத்தால் அது குறும்பு. அதைக் கழற்றி அடியைப் பார்த்தேன். எண் தெளிவாக இருந்தது. கோடு எதுவும் இல்லை. எனக்கு அசிங்கமாக இருந்தது. வேறு சொல் தெரியவில்லை.

எந்தக் கியூவையும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுத்துவைப்பது என் வழக்கம். வாத்தியார் கொண்டுவந்ததன் படமும் இருந்தது. மாமாவின் கியூ அடியையும் படமெடுத்து அதற்கு அடுத்ததாக வைத்தேன். வாத்தியாருடையதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி இரண்டு நேர்கோடுகள். திருடுகிறவன் கை இவ்வளவு நிதானமாக இருக்காது என்பதைப் பேட்டர்ன் வேலை செய்த எனக்கா யாராவது சொல்ல வேண்டும்?

மறுநாள் காலையில் உடுமலைப் பேருந்தில் ஏறினேன். பையில் ஒரு சின்ன உளி இருந்தது. அந்த இரண்டு கோட்டையும் நானே திரும்பப் போட்டுவிடலாம் என்று கிளம்பும்போது தோன்றியிருந்தது. பாதி வழி தாண்டுவதற்குள் அது எவ்வளவு கேவலமான யோசனை என்று விளங்கிவிட்டது. முதலில் அழித்தேன், இப்போது கள்ளக் கையெழுத்துப் போடப் போகிறேன்.

வாத்தியாரை அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, அந்தக் கோட்டின் அர்த்தத்தைச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவர் போனைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, பட்டறையிலிருந்து வந்த அன்றைக்கே கியூவை மேலே அட்டத்தில் போட்டுவிட்டதாகவும், இன்னும் ரிப்பேரில் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி வருவதாகவும் சொன்னார். அப்பா தினமும் கேட்கிறாராம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏணியை எடுத்து வந்து, கியூவை இறக்கித் தூசியைத் துடைத்தார்.

பெரியவர் உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோயமுத்தூரிலிருந்து கியூ வந்துவிட்டது என்று மகன் மடியில் வைத்ததும், முகம் மலர்ந்தது. மேலே தடவவில்லை, கூர்முனைகளைத் தேடவில்லை. நேராக அடிக்கட்டையைப் பிடித்து, வட்ட முகத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றியது.

“கோட்டக் காணோமே, கண்ணு” என்றார் மகனிடம்.

மகன் என்னைப் பார்த்தார். நான்தான் அழித்தேன் என்றேன். ஏன் அழித்தேன் என்பதையும் சொன்னேன். ஒரு மார்க்கருக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். குரல் வந்த திசைக்குத் திரும்பி, நின்றுகொண்டா இருக்கிறீர்கள், உட்காருங்கள் என்றார் பெரியவர். மகனிடம் நாற்காலி போடச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோடு போட்டோவில் பத்திரமாக இருப்பதாகவும், தான் இப்போதுதான் அதைப் பார்த்ததாகவும் மகன் அவரிடம் சொன்னார். பெரியவர் கையை நீட்டினார். நான் போனை அதில் வைத்தேன். கண்ணாடி மேல் அவர் கட்டைவிரல் மெதுவாகச் சுற்றியது. விரல் பட்டுப் படம் நகர்ந்து, கோடில்லாத என் மாமாவின் கியூ வந்து நின்றது. அவருக்கு அது தெரியாது.

“கைக்கு ஒண்ணும் தெம்படலீங்க. கோடு இதுல இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கய்யா” என்றேன். அவரைப் போன்ற ஒரு வீட்டு மனிதரைப் பார்த்து ஐயா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக என் வாயில் வந்தது.

“நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.